கம்ப்யூட்டரைத் தொழிற்கூடத்துக்குக் கொண்டுவந்த கென் ஓல்சன்

- மூன்றாமாண்டு மாணவன், மின்னணுவியல் துறை



ஆண்டு மலருக்கு ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கை வரலாறு எழுதித் தருகிறேன் என்று நான் ஒத்துக்கொண்டதும், எடிசனா, சர் சி.வி. ராமனா, அப்துல் கலாமா என்று நண்பர்கள் கேட்டார்கள். கென் ஓல்சன் என்றேன். யாருடா அதுன்னு எல்லாரும் முழிச்சாங்க. ஒரு காலத்தில் கம்ப்யூட்டர் உலகம் முழுக்கத் தெரிந்த பெயர் அது. 1986-ல் அமெரிக்காவின் ஃபார்ச்சூன் பத்திரிகை, அந்த நாட்டிலேயே மிகப் பெரிய வெற்றி கண்ட தொழில்முனைவர் என்று சொல்லி அவர் படத்தை அட்டையில் போட்டது. 2011-ல் அவர் காலமானார். இன்று நம்மில் பலருக்கு அவர் யாரென்றே தெரியவில்லை.

இவரை நான் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் இன்பிளான்ட் ட்ரெயினிங்குக்காக ஒரு தொழிற்சாலைக்குப் போயிருந்தோம். பெயர் வேண்டாம். ஒரு நாள் காலையில் பேக்கிங் லைன் நின்னு போச்சு. அங்கே இருபது வருஷமா வேலை செய்யற எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருத்தர் வந்து பார்த்தார். பத்து நிமிஷத்துல காரணத்தைக் கண்டுபிடிச்சுட்டார். பெல்ட்டின் வேகத்தைக் கூட்டியிருந்தார்கள், அதற்கேற்ப பி.எல்.சி. புரோகிராமில் ஒரு டைமரின் அளவைக் குறைக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனா அந்தப் புரோகிராமுக்குப் பாஸ்வேர்டு போட்டிருந்தாங்க. பாஸ்வேர்டு மெஷினை சப்ளை செய்த கம்பெனியிடம் இருந்தது. அவங்க ஆள் மறுநாள் மத்தியானம் வந்து, லேப்டாப்பைச் செருகி, ஒரே ஒரு எண்ணை மாத்திட்டுப் போனார். அதுவரைக்கும் லைன் நின்றது. என்ன செய்யணும்னு தெரிஞ்சிருந்தும் அண்ணன் கையைக் கட்டிக்கிட்டு நின்னார்.

கல்லூரிக்குத் திரும்பியதும் எங்கள் ஆசிரியரிடம் இதைச் சொன்னேன். மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கிறவன் கையில் கம்ப்யூட்டரைக் கொடுத்த ஒருவர் இருந்தார், அவரைப் பற்றிப் படித்துப் பார் என்றார். அப்படித்தான் எனக்குக் கென் ஓல்சன் அறிமுகமானார்.

ரேடியோ ரிப்பேர் செய்த பையன்

கென்னத் ஹாரி ஓல்சன் 1926 பிப்ரவரி 20 அன்று அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பிரிட்ஜ்போர்ட் நகரில் பிறந்தார். பக்கத்து ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டில் வளர்ந்தார். அவருடைய அப்பா மெஷின் டூல்களை வடிவமைக்கும் இன்ஜினியர். வீட்டின் நிலவறையிலேயே ஒரு சின்ன ஒர்க்‌ஷாப் இருந்தது. அங்கே கென்னும் அவர் தம்பி ஸ்டானும் கருவிகள் செய்வதும், அக்கம்பக்கத்தாரின் ரேடியோக்களை ரிப்பேர் செய்வதுமாகப் பொழுதைக் கழித்தார்கள்.

இரண்டாம் உலகப் போர் நடந்த சமயம், 1944-ல் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கிடைத்தது எலக்ட்ரானிக்ஸ் டெக்னீஷியன் பயிற்சி. சொல்லப்போனா நம்ம டிப்ளமோ மாதிரித்தான். கருவியைத் திறந்து, மீட்டரை வைத்துப் பார்த்து, எங்கே பழுது என்று கண்டுபிடிக்கிற படிப்பு. பட்டம் வாங்குவதற்கு முன்பே அவர் டெக்னீஷியனாக இருந்தவர் என்பதை நினைவில் வையுங்கள்.

போர் முடிந்ததும் 1947-ல் எம்.ஐ.டி. என்று எல்லோரும் சொல்லும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்தார். 1950-ல் எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் பட்டமும், 1952-ல் மேற்பட்டமும் பெற்றார். இடையில் ஒரு சுவையான சம்பவம். ஆலிக்கி என்ற ஃபின்லாந்துப் பெண்ணை விரும்பினார். அவர் தாய்நாட்டுக்குத் திரும்பிப் போனதும், ஓல்சன் பக்கத்து நாடான ஸ்வீடனுக்குப் போய் ஒரு பால் பேரிங் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். 1950-ல் அவரையே மணம் செய்துகொண்டு அமெரிக்கா திரும்பினார்.

மாணவருக்குக் கிடைத்த வேலை

அந்தக் காலத்தில் எம்.ஐ.டி.யில் வேர்ல்விண்ட் என்ற ஒரு பெரிய கம்ப்யூட்டரைச் செய்துகொண்டிருந்தார்கள். ஆயிரக்கணக்கான வால்வுகள் கொண்ட இயந்திரம். கணக்குப் போட்டு விடையை அச்சடித்துத் தருவது மட்டும் அதன் வேலை இல்லை. வெளியே நடப்பதை உடனுக்குடன் உள்வாங்கி, உடனே பதில் தர வேண்டும். இன்று நாம் ரியல் டைம் என்கிறோமே, அதற்கு முன்னோடி அதுதான். ஆனால் அதன் மெமரி அடிக்கடி காலை வாரியது. அதன் தலைவர் ஜே ஃபாரஸ்டர் புதிதாகக் கோர் மெமரி என்ற ஒன்றை உருவாக்கினார். கடுகு போன்ற சின்னக் காந்த வளையங்களைக் கம்பிகளில் கோத்திருப்பார்கள். வளையத்தின் காந்தம் ஒரு திசையில் இருந்தால் 1, மறுதிசையில் இருந்தால் 0. கரண்ட் போனாலும் அதில் எழுதியது அழியாது.

இதைச் சோதித்துப் பார்க்கத் தனியாக ஒரு கம்ப்யூட்டரே தேவைப்பட்டது. அதைச் செய்யும் பொறுப்பு ஓல்சனிடம் வந்தது. அவர் செய்து முடித்த அந்த மெமரி டெஸ்ட் கம்ப்யூட்டரில் கோர் மெமரி நன்றாக வேலை செய்தது. 1953-லேயே அதை வேர்ல்விண்டுக்கு மாற்றிவிட்டார்கள். அடுத்த இருபது வருஷம் உலகத்தின் கம்ப்யூட்டர்கள் பெரும்பாலும் கோர் மெமரியில்தான் ஓடின.

பிறகு வான் பாதுகாப்புக்கான சேஜ் திட்டத்துக்காக அவரை ஐ.பி.எம். தொழிற்சாலைக்கு அனுப்பினார்கள். ஓராண்டுக்கு மேல் அங்கே இருந்தார். அந்தப் பெரிய கம்பெனியின் நடைமுறைகள் அவருக்குப் பிடிக்கவில்லை. நாமே இதைவிட நன்றாகச் செய்யலாம் என்ற எண்ணத்தோடு திரும்பினார்.

திரும்பி வந்து லிங்கன் ஆய்வகத்தில் வால்வுக்குப் பதில் டிரான்சிஸ்டர் வைத்து டி.எக்ஸ்-0 என்ற கம்ப்யூட்டரை உருவாக்கியதில் பங்கேற்றார். 1956-ல் அது ஓடத் தொடங்கியது. அதில் ஒரு விசேஷம் இருந்தது. மற்ற இடங்களில் புரோகிராம் எழுதுகிறவர் கார்டுகளைத் துளையிட்டு ஒரு ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டு வர வேண்டும். கண்ணாடி அறைக்குள் இருப்பவர்கள் அதை ஓட்டி, பல மணி நேரம் கழித்து விடையைத் தருவார்கள். ஒரு காற்புள்ளி தப்பாயிருந்தால் மறுபடியும் முதலிலிருந்து. டி.எக்ஸ்-0 அப்படியில்லை. நேரே முன்னால் உட்கார்ந்து தட்டலாம், தப்பை அங்கேயே திருத்தலாம். பின்னால் அது எம்.ஐ.டி. வளாகத்துக்கு வந்தபோது மாணவர்கள் ராத்திரியெல்லாம் கண் விழித்து அதன் முன்னால் கிடந்தார்கள். மனுஷனும் மெஷினும் நேருக்கு நேர் உட்கார வேண்டும் என்ற எண்ணம் ஓல்சனுக்கு இங்கேதான் வேரூன்றியது.

மூடிப்போன மில்லில் ஒரு கம்பெனி

1957-ல் ஓல்சனும் அவருடன் வேலை செய்த ஹார்லன் ஆண்டர்சனும் சேர்ந்து சொந்தக் கம்பெனி தொடங்கத் துணிந்தார்கள். கையில் பணமில்லை. ஹார்வர்டு பேராசிரியர் ஜார்ஜ் டோரியோ நடத்திய ஒரு முதலீட்டு நிறுவனத்திடம் போனார்கள். 70,000 டாலர் கிடைத்தது. பதிலுக்குக் கம்பெனியில் 70 சதவீதப் பங்கைக் கொடுத்தார்கள். கம்ப்யூட்டர் செய்கிற பல கம்பெனிகளுக்கு லாபம் கிடைக்காத காலம் அது. அதனால் கம்ப்யூட்டர் என்ற வார்த்தையையே சொல்லாதீர்கள் என்று அவர்களுக்கு ஆலோசனை சொல்லப்பட்டது. ஆகவே டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்று பெயர் வைத்தார்கள். சுருக்கமாக டெக். முதலில் ஆய்வகங்களுக்குத் தேவையான எலக்ட்ரானிக் மாட்யூல்களை மட்டும் செய்து விற்றார்கள். முதல் வருஷமே லாபம் வந்தது.

கம்பெனி தொடங்கிய இடம் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மேனார்டு என்ற சிற்றூரில் இருந்த ஒரு பழைய கம்பளி மில். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது படைவீரர்களுக்குத் துணி நெய்த மில் அது. 1950-ல் மூடிவிட்டார்கள். அதில் எட்டாயிரத்துச் சொச்சம் சதுர அடியை மாசம் 300 டாலர் வாடகைக்குப் பிடித்தார்கள். பழைய மரத்தளத்தில் கம்பளி எண்ணெய் ஊறிக் கிடந்தது. ஓல்சன், ஆண்டர்சன், தம்பி ஸ்டான் மூவருமே பெருக்கித் துடைத்துப் பெயின்ட் அடித்தார்கள்.

இந்த இடத்தைப் படிக்கும்போது நான் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். என் அப்பா ஸ்பின்னிங் மில் தொழிலாளி. மில் மூடினா ஒரு ஊர் என்ன ஆகும்னு எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும். மேனார்டு ஊர்க்காரர்களுக்கு அதே மில்லுக்குள் மறுபடி வேலை கிடைத்தது. கம்பெனி வளர வளர ஒவ்வொரு தளமாகப் பிடித்து, கடைசியில் முழு மில்லையும் டெக் வாங்கிவிட்டது.

பி.டி.பி. வரிசை

1959 கடைசியில் டெக் தன் முதல் கம்ப்யூட்டரைக் காட்டியது. அதற்கும் கம்ப்யூட்டர் என்று பெயர் வைக்கவில்லை. புரோகிராம்டு டேட்டா பிராசஸர் என்று வைத்தார்கள். அதன் சுருக்கம்தான் பி.டி.பி. பெரிய கம்ப்யூட்டர்கள் பத்து லட்சம் டாலருக்கு மேல் விற்ற காலத்தில் பி.டி.பி-1-ன் விலை 1,20,000 டாலர். மொத்தம் 53 மட்டுமே செய்தார்கள். ஆனால் பாதை தெரிந்துவிட்டது.

தொழிற்கூடத்துக்கான கதவு திறந்தது கனடாவில். அங்கே சாக் ரிவர் அணு ஆய்வு நிலையத்தில் அணு உலையின் அளவீடுகளைத் தொடர்ந்து கவனிக்க ஒரு கருவி கேட்டார்கள். ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி சர்க்யூட் செய்வதற்குப் பதிலாக, எந்த வேலைக்கும் புரோகிராம் செய்துகொள்ளக்கூடிய ஒரு சின்னக் கம்ப்யூட்டரையே செய்தால் என்ன என்று டெக் இன்ஜினியர்கள் யோசித்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் 1963-ல் வந்த பி.டி.பி-5. விலை 27,000 டாலர். இரண்டு வருஷத்தில் அதைச் சுருக்கி பி.டி.பி-8 ஆக்கினார்கள். 1965-ல் வந்த அதன் விலை 18,000 டாலர். அளவு ஒரு சின்ன ஃபிரிட்ஜ் அளவு. குட்டைப் பாவாடையும் மினி காரும் பிரபலமாயிருந்த இங்கிலாந்தில் டெக்கின் விற்பனைத் தலைவர் இதற்கு மினி கம்ப்யூட்டர் என்று பெயர் வைத்ததாகக் கதை சொல்வார்கள். பெயர் நிலைத்துவிட்டது. பி.டி.பி-8 குடும்பத்தில் மட்டும் 50,000-க்கு மேல் விற்றன.

இப்போது கம்ப்யூட்டருக்கு ஏ.சி. அறையும் வெள்ளைக் கோட்டு ஆட்களும் தேவையில்லை. ஆய்வகத்தின் மூலையில், அச்சகத்தில், மெஷின் ஷாப்பில் அதை வைத்தார்கள். வேறு கம்பெனிகள் இதை வாங்கித் தங்கள் இயந்திரத்துக்குள்ளேயே பொருத்தி விற்றன.

அதில் புரோகிராம் செய்வது எப்படி?

நண்பர்களே, இன்றைக்கு நாம் மௌஸைத் தட்டிப் புரோகிராம் செய்கிறோம். பி.டி.பி-8-ல் வேலை செய்தவர்களின் அனுபவத்தைப் படித்தால் மலைப்பாக இருக்கிறது.

அதன் மெமரி மொத்தம் 4096 சொற்கள். ஒவ்வொரு சொல்லும் 12 பிட். கட்டளைகள் எட்டே வகை. கழித்தலுக்குத் தனிக் கட்டளை கிடையாது. எண்ணைத் தலைகீழாக்கி, ஒன்றைக் கூட்டி, பிறகு சேர்க்க வேண்டும். நம்ம டிஜிட்டல் பேப்பரில் டூஸ் காம்ப்ளிமென்ட் என்று படிக்கிறோமே, அதேதான். அடிப்படை மெஷினில் பெருக்கலுக்கும் நாமே புரோகிராம் எழுத வேண்டும்.

முன்பக்கப் பேனலில் வரிசையாக 12 ஸ்விட்ச்சுகள். மேலே சின்ன விளக்குகள். மெஷின் புதிதாக வந்து நின்றால் அதற்கு ஒன்றுமே தெரியாது. பேப்பர் டேப்பைப் படி என்று சொல்வதற்குக்கூட ஒரு சின்னப் புரோகிராம் வேண்டும். 16 சொற்கள். அவற்றை ஆக்டல் எண்ணாக ஸ்விட்ச்சில் மேலும் கீழும் தட்டி, ஒவ்வொன்றாக உள்ளே ஏற்ற வேண்டும். தினமும் செய்தவர்களுக்கு அது மனப்பாடமே ஆகிவிடும். அதன் பிறகு டெலிடைப் மெஷினில் பேப்பர் டேப்பை மாட்டுவார்கள். நொடிக்கு 10 எழுத்துத்தான் படிக்கும். ஒரு சொல்லுக்கு டேப்பில் இரண்டு வரிசைத் துளைகள். கணக்குப் போட்டுப் பாருங்கள், மெமரி முழுவதையும் நிரப்ப 13 நிமிஷத்துக்கு மேல் ஆகும். நடுவில் டேப் கிழிந்தால் மறுபடி முதலிலிருந்து.

ஆனாலும் அதில் ஒரு பெரிய சுகம் இருந்தது. ஒரு தொழிற்சாலையில் நடுராத்திரி ஒரு புரோகிராம் தகராறு செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை தெரிந்தவர் மெஷினை நிறுத்துவார். ஸ்விட்ச்சில் முகவரியைப் போட்டு, அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று விளக்குகளில் பார்ப்பார். காத்திருக்கும் நேரத்தைக் குறிக்கும் எண் தப்பு என்று தெரிந்தால், சரியான எண்ணை அங்கேயே ஸ்விட்ச்சில் தட்டி ஏற்றிவிட்டு மறுபடி ஓடவிடுவார். ஐந்து நிமிஷ வேலை. கோர் மெமரி ஆனதால் கரண்ட் போய் வந்தாலும் அந்தத் திருத்தம் அப்படியே இருக்கும். பிறகு புரோகிராம் தாளில் பென்சிலால் அதைக் குறித்து வைப்பார். குறிக்க மறந்தால் வேறு வினை. அடுத்த தடவை பழைய டேப்பை ஏற்றும்போது திருத்தம் போய், பழைய தகராறு திரும்ப வந்துவிடும்.

இதைப் படித்தபோது எனக்கு அந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் ஞாபகம்தான் வந்தது. அவர் மாற்ற வேண்டியிருந்ததும் ஒரே ஒரு எண்ணைத்தான்.

யார் வேண்டுமானாலும் தொட்டால் ஆபத்தில்லையா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. புரோகிராமில் தப்பான ஒரு எண் ஒருத்தர் விரலை எடுத்துவிடும். பி.டி.பி-8-லும் பூட்டு இருந்தது. பேனலில் ஒரு சாவித் துளை. அதைத் திருப்பிவிட்டால் ஸ்விட்ச்சுகள் வேலை செய்யாது. ஆனால் அந்தச் சாவி மெஷினை வாங்கியவரிடம் இருந்தது, விற்றவரிடம் இல்லை. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

சாவி மட்டுமல்ல, அறிவையும் டெக் பூட்டி வைக்கவில்லை. மெஷினின் ஒவ்வொரு கட்டளையும் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கும் கையேடுகளை மலிவுத் தாளில் அச்சடித்து மாணவர்களுக்கும் இன்ஜினியர்களுக்கும் தாராளமாகக் கொடுத்தார்கள். 1961-லேயே டெக்கஸ் என்று மெஷின் வாங்கியவர்களின் சங்கம் ஒன்று உருவானது. ஒருவர் எழுதிய புரோகிராமை மற்றவர் அதன் மூலம் வாங்கிப் பயன்படுத்தினார்கள்.

பூட்டிய பெட்டி தோற்ற கதை

இதே கம்பெனி ஒருமுறை பெட்டியைப் பூட்டிப் பார்த்தது. அது நம் பி.எல்.சி. பாடத்தின் வரலாறும்கூட.

1968-ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியில் கியர்பாக்ஸ் செய்யும் ஹைட்ராமாட்டிக் பிரிவுக்கு ஒரு தலைவலி. மெஷின்களை எல்லாம் ரிலே பேனல்கள் இயக்கின. கார் மாடல் மாறினால் நூற்றுக்கணக்கான ரிலேக்களின் வயரிங்கைப் பிரித்து மறுபடி கட்ட வேண்டும். இதற்குப் பதிலாகப் புரோகிராம் செய்யக்கூடிய ஒரு கன்ட்ரோலர் வேண்டும் என்று கேட்டார்கள். டெக் 1969-ல் பி.டி.பி-14 என்ற கருவியைக் கொடுத்தது. நல்ல கருவிதான். ஆனால் அதன் புரோகிராமை மெமரிக்குள் கம்பியாகப் பின்னியிருந்தார்கள். மாற்ற வேண்டுமானால் டெக் தொழிற்சாலையில் புதிதாகப் பின்னி வர வேண்டும்.

அதே வருஷம் டிக் மார்லி என்பவரும் அவர் கூட்டாளிகளும் மோடிகான் 084 என்ற கருவியைக் கொண்டுவந்தார்கள். அதில் புரோகிராமை அங்கேயே மாற்றலாம். அதுவும் எப்படி? எலக்ட்ரீஷியன்கள் வருஷக்கணக்காக வரைந்து பழகிய ரிலே படத்தின் வடிவத்திலேயே மாற்றலாம். அதுதான் நாம் லேபில் போடுகிற லேடர் டயக்ராம். கம்ப்யூட்டர் தெரியாத எலக்ட்ரீஷியனும் பார்த்தவுடனே புரிந்துகொண்டார். கடைசியில் அந்தத் துறையில் நிலைத்தது மோடிகான்தான். கம்ப்யூட்டரை மெஷின் பக்கத்துக்குக் கொண்டுவந்த டெக், எலக்ட்ரீஷியனின் கைக்குக் கொடுக்கத் தவறிய ஒரே இடத்தில் தோற்றது. பாடப் புத்தகத்தில் ஏன் ஏணி மாதிரி படம் போடுறாங்கன்னு நான் யோசிச்சதே இல்லை. இப்பதான் தெரியுது.

உச்சமும் சரிவும்

தொழிற்கூடத்தில் அந்த ஒரு கருவி தோற்றாலும் டெக்கின் மினி கம்ப்யூட்டர்கள் தோற்கவில்லை. 1970-ல் வந்த 16 பிட் பி.டி.பி-11, ஆலைகளிலும் ஆய்வகங்களிலும் பல லட்சக்கணக்கில் இடம் பிடித்தது. பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸையும் சி மொழியையும் வளர்த்தெடுத்தது இந்த பி.டி.பி-11-ல்தான். நம்ம சி புரோகிராமிங் லேபுக்கு இது ஒரு தாத்தா வீடு என்று சொல்லலாம். 1977-ல் 32 பிட் வாக்ஸ் வந்தது. எண்பதுகளில் ஐ.பி.எம்.முக்கு அடுத்த இடத்தில் டெக் நின்றது. 1,20,000 பேருக்கு மேல் அங்கே வேலை செய்தார்கள். டோரியோவின் 70,000 டாலர் முதலீடு 35 கோடி டாலருக்கு மேல் மதிப்பானது. இவ்வளவுக்குப் பிறகும் ஓல்சன் எளிமையாக வாழ்ந்தார். மது தொடாதவர், தேவாலயத்துக்குத் தவறாமல் போகிறவர். மந்தக் காலத்திலும் ஆட்களை வீட்டுக்கு அனுப்பாமல் நெடுங்காலம் கம்பெனியை நடத்தினார்.

ஆனால் அவரும் தவறினார். அதை மறைத்து எழுதினால் அது வரலாறு ஆகாது. மைக்ரோபிராசஸர் வந்து கம்ப்யூட்டர் இன்னும் சின்னதானபோது, அது ஒவ்வொரு மேஜைக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் போகும் என்பதை அவர் சரியாக மதிப்பிடவில்லை. 1977-ல் பாஸ்டனில் நடந்த ஒரு கூட்டத்தில், வீட்டில் கம்ப்யூட்டர் வைத்துக்கொள்ள யாருக்கும் காரணமில்லை என்ற பொருளில் அவர் பேசியது இன்றுவரை கேலியாகச் சொல்லப்படுகிறது. வீட்டையே கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரைத்தான் அப்படிச் சொன்னதாக அவர் பின்னாளில் விளக்கினார். அந்த விளக்கம் நியாயமாகவே இருக்கலாம். ஆனால் அவர் கம்பெனி செய்தது என்ன? 1982-ல் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத மூன்று வகைப் பர்சனல் கம்ப்யூட்டர்களை வெளியிட்டது. அதில் ரெயின்போ என்ற மெஷினில் வெறும் ஃபிளாப்பியை வாங்கி நாமே ஃபார்மட் செய்துகொள்ள முடியாது. டெக்கிடமே வாங்க வேண்டும். மறுபடியும் பூட்டு! வாங்குகிறவர்கள் திறந்த மெஷின் பக்கம் போய்விட்டார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நஷ்டம் வந்தது. ஆட்குறைப்பும் வந்தது. 35 வருஷம் தலைமை தாங்கிய ஓல்சன் 1992-ல் பதவி விலகினார். 1998-ல் காம்பேக் கம்பெனி 960 கோடி டாலருக்கு டெக்கை வாங்கியது. அந்தக் காம்பேக்கை 2002-ல் எச்.பி. வாங்கியது. டெக் என்ற பெயர் மறைந்தது. 2011 பிப்ரவரி 6 அன்று இண்டியானாபொலிஸ் நகரில் 84-ஆம் வயதில் ஓல்சன் காலமானார்.

பெயர் மறைந்தாலும் மெஷின்கள் சீக்கிரம் மறையவில்லை. 2013-ல் கனடாவில் அணுமின் நிலைய ரோபோக்களை இயக்கும் பி.டி.பி-11-களுக்காக அசெம்பிளி மொழி தெரிந்த ஆட்களை ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தினர் தேடினார்கள். 2050 வரை அவற்றை ஓட்டத் திட்டம் என்றும் செய்தி வந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று முழுசாக எழுதிக் கொடுத்த மெஷினைத்தான் இத்தனை வருஷம் கழித்தும் இன்னொருவர் எடுத்து ஓட்ட முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நமக்கு என்ன?

படிப்பு முடிந்ததும் நம்மில் பலர் ஏதாவது ஒரு தொழிற்சாலையில் ஒரு பேனலுக்கு முன்னால் நிற்கப் போகிறோம். புரோகிராம் எல்லாம் இன்ஜினியர் வேலை, நீ பட்டனை மட்டும் அழுத்து என்று யாராவது சொல்வார்கள். எங்க வீட்டுல படிச்ச முதல் ஆள் நான். அப்படிச் சொன்னா சரின்னு தலையாட்டிட்டு நிற்கிற பழக்கம் எனக்கு இருந்தது. லேபிலேயே ட்ரெயினர் கிட்டைத் தொடப் பயந்து ஓரமா நின்னவன் நான். கென் ஓல்சனின் கதையைப் படித்த பிறகு அந்தப் பயம் கொஞ்சம் விலகியிருக்கிறது. அவரும் டெக்னீஷியனாகத் தொடங்கியவர்தான்.

இன்னொன்றும் செய்திருக்கிறோம். எங்கள் குழுவின் பிராஜெக்ட் ஒரு சின்ன கன்வேயர் மாடல். அதன் பேனல் கதவின் உள்பக்கத்தில் லேடர் டயக்ராமின் நகலை ஒட்டியிருக்கிறோம். எந்த டைமர் எதற்கு, எந்த அளவுக்கு மேல் கூட்டினால் ஆபத்து என்று தமிழில் எழுதி வைத்திருக்கிறோம். திருத்தம் செய்தால் தேதியோடு குறிக்க ஒரு நோட்டும், நூலில் கட்டிய ஒரு பென்சிலும் தொங்குகிறது. பூட்டும் உண்டு. சாவி லேப் அலமாரியில் இருக்கிறது. அடுத்த வருஷம் வருகிற தம்பி தங்கைகள் தாராளமாகத் திறந்து பார்க்கலாம்.